முப்பதாவது கைநாட்டு

விசாரணைச் சிறை, மூன்றாம் பிளாக்
09.06.2025, திங்கள்

திருவள்ளூர் வீடற்றோர் காப்பகத்தின் காப்பாளர் செண்பகம் அக்காவுக்கு, பாக்கியநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் வணக்கம்.

என்னை ஞாபகம் இருக்கும். வலது கை நசுங்கிப்போன ஆள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தேன். கை போனதும் வேலை போனது, வேலை போனதும் வாடகை ரூம் போனது. நஷ்டஈடு கேட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதற்காக உங்கள் காப்பகத்தில் பதினெட்டு நாள் தங்கியிருந்தேன். நீங்கள்கூட என்னை ‘மனுநாதன்’ என்று கிண்டல் செய்வீர்கள்.

விஷயம் இதுதான். மார்ச் 10, திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழரை மணிக்கு மேற்படி மில்லில் செப்புக் கேபிள் திருட்டுப் போனதாம். நான் தூக்கிக்கொண்டு ஓடினதை வாட்ச்மேன் பார்த்தாராம். நாற்பது கிலோ கேபிளை ஒற்றைக் கையில் தூக்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் மனுக்கள் மேல் காண்ட்ராக்டருக்கு எவ்வளவு கோபம் என்பது இதிலிருந்தே தெரியும்.

அந்த ஏழரை மணிக்கு நான் உங்கள் எதிரில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தேன். சமையல் கேஸ் தீர்ந்துபோய் நீங்கள் எல்லாருக்கும் அவல் நனைத்துக் கொடுத்த நாள் அது. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸில் போனால் பெரியபாளையம் சுற்றி இரண்டு மணி நேரம் ஆகும். ரயில் என்றால் சென்னை வரைக்கும் போய் வேறு ரயில் பிடிக்க வேண்டும். கையில் அவல் தட்டோடு இதெல்லாம் நடக்காது.

சாப்பாட்டு ரிஜிஸ்டரில் அன்றைக்கு நான் கைநாட்டு வைத்தேன். அந்தப் பக்கத்தின் நகலை இலவச சட்ட உதவி வக்கீல் பிரின்சி மேடத்திடம் கொடுத்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

13ஆம் தேதி காலையில் போலீஸ் என்னை ஜீப்பில் ஏற்றியபோது நீங்கள் வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பயந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாக்கியநாதன்

*

திருவள்ளூர்
20.06.2025

பாக்கியநாதன் என்ற பெயரில் எழுதியவருக்கு,

கடிதம் வந்தது. என் ரிஜிஸ்டரில் பாக்கியநாதன் கைநாட்டுதான் வைத்தார். பேனா பிடிக்க வராது என்று அவரே சொன்னார். இப்போது மூன்று பக்கத்துக்குக் கடிதம் வருகிறது. இதை எழுதியது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

நான் ஏமாந்தவள் இல்லை. போன மாதம் ஒருத்தர், பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். “இன்னாம்மா, எத்தினி பேரு தூங்குறாங்கோ, எத்தினி பேருக்கு டப்பு வருது?” என்று கட்டிலை எண்ணிக்கொண்டே கேட்டார். எங்கள் டிரஸ்ட் செயலாளர் சந்திரமோகன் சாருக்கு ஆகாதவர்கள் ஊரில் நிறைய. நீங்கள் அந்த ஆளா, காண்ட்ராக்டர் ஆளா, நிஜமாகவே ஜெயிலில் இருக்கிறவரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரிஜிஸ்டர் இல்லை. ஏப்ரலில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து அலமாரி முழுக்க நனைந்துவிட்டது.

பாக்கியநாதன் விட்டுப்போன பை ஒன்று இங்கே இருக்கிறது. நீங்கள் அவர்தான் என்றால் அது எப்படிப்பட்ட பை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

செண்பகம்
காப்பாளர்

*

விசாரணைச் சிறை
02.07.2025

செண்பகம் அக்காவுக்கு,

அரிசி மண்டிப் பை, ஒரு காது அறுந்தது. உள்ளே எவர்சில்வர் தட்டு, அதன் அடியில் என் அம்மா பெயர் மணியம்மாள் என்று வெட்டியிருக்கும். மூன்று மனு ரசீது, ஒரு லுங்கி. லுங்கியை நீங்கள் கரித்துணி ஆக்கியிருந்தால் தப்பில்லை.

எழுதியது நான்தான். இங்கே மத்தியானத்தில் ஒரு வேலையும் கிடையாது. மூன்று மாதமாக இடது கையால் எழுதிப் பழகினேன். எழுத்து கோழி கிளறினாற்போல் இருப்பதே அதற்குச் சாட்சி. அதுவும் போதாது என்றால் கடிதத்தின் அடியில் இடது கட்டைவிரலை மையில் தொட்டு வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு கடிதத்திலும் வைப்பேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்த செய்தி எனக்கு ரொம்ப ஆச்சரியம். நான் இருந்த பதினெட்டு நாளும் குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட் என்று டோக்கன் கொடுத்தீர்கள். அந்தத் தொட்டியா நிரம்பியது? அக்கா, வேறு பொய்யாகச் சொல்லுங்கள்.

எனக்கு மே மாதமே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் உள்ளேதான் இருக்கிறேன். ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் உள்ள இரண்டு பேர் எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீடில்லாதவனுக்கு வீடுள்ள சிநேகிதன் எங்கிருந்து வருவான்? ஆக, வீடில்லாத குற்றத்துக்காகத்தான் இப்போது உள்ளே இருக்கிறேன், கேபிளுக்காக இல்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே தட்டு நன்றாக இருக்கிறது. காலை நாஷ்டா நேரத்துக்கு வருகிறது. முட்டை உண்டு, வாரம் ஒரு நாள் கோழி உண்டு, ஜுரம் என்றால் டாக்டர் வருகிறார். பக்கத்துப் படுக்கை சுப்பிரமணி பேப்பர் படிக்கிற ஆள். “கைதி ஒருத்தன் மேல ஒரு நாளிக்கு கவுர்மெண்டு போட்ற துட்டுல, பிளாட்பாரத்துல கீற ஒருத்தன ஒரு வாரம் ஓட்டலாம்பா” என்கிறார். அந்தக் கணக்கு சரியா என்று எனக்குத் தெரியாது. உங்கள் காப்பகத்துப் புளித்தண்ணி ரசத்தையும் இந்தத் தட்டையும் வைத்துப் பார்த்தால் ரொம்பத் தப்பாக இருக்காது என்று தோன்றுகிறது. திருடன் என்று சொன்ன பிறகுதான் அரசாங்கம் எனக்கு முட்டை போட்டது.

ரிஜிஸ்டரைத் தேடுங்கள்.

பாக்கியநாதன்
(இடது கட்டைவிரல்)

*

திருவள்ளூர்
14.07.2025

பாக்கியநாதன் அவர்களுக்கு,

பை சரிதான். கைநாட்டும் சரிதான். எனக்கு விரல்கள் தெரியும்.

என் ரசத்தைக் குறை சொல்லும் அளவுக்கு உடம்பு தேறியதில் சந்தோஷம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சுப்பிரமணி சொல்லும் பணத்தில் மதில் சுவரும் அடக்கம், துப்பாக்கி பிடித்தவர் சம்பளமும் அடக்கம், கோர்ட்டுக்குப் போய்வரும் வேனுக்கு டீசலும் அடக்கம். உங்களைப் பூட்டி வைக்க ஆகும் செலவையெல்லாம் உங்களுக்குச் செய்த செலவு என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்படாதீர்கள். இங்கே எங்களுக்குப் பூட்டே கிடையாது. அதனால்தான் இவ்வளவு மலிவாக இருக்கிறோம்.

ரிஜிஸ்டர் நனையவில்லை. சந்திரமோகன் சார் கையில் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இங்கே வரும். அவரைக் கேளுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று கிளற வேண்டாம் என்பதுதான் என் புத்திமதி. உங்களுக்கும் நல்லது, இங்கே படுத்திருப்பவர்களுக்கும் நல்லது. இதற்குமேல் எழுத முடியாது. இதை யார் யார் படிக்கிறார்களோ.

செண்பகம்

*

விசாரணைச் சிறை
08.08.2025

பெறுநர்: காப்பாளர் அம்மையார் அவர்கள், வீடற்றோர் காப்பகம், திருவள்ளூர்.
பொருள்: நான் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் சாப்பிட்டு வருவது தொடர்பாக.

அம்மையீர்,

வக்கீல் பிரின்சி மேடம் கோர்ட் மூலமாக ரிஜிஸ்டரை வரவழைத்து, நகலை நேற்று சிறைச் சந்திப்பில் கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டினார். மார்ச் 10ஆம் தேதி என் பெயரும் கைநாட்டும் இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு மேடம் பக்கத்தைத் திருப்பினார். மார்ச் 14, போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கிக்கொண்டிருந்த நாள், நான் உங்கள் காப்பகத்தில் சாப்பிட்டிருக்கிறேன். ஏப்ரல் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறேன். மே, ஜூன், ஜூலை. போன செவ்வாய்க்கிழமைகூட கைநாட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன். பிரின்சி மேடம் கேட்டார்: “இத்த நான் கோர்ட்ல நீட்டுனா, எதிர் வக்கீல் இன்னா சொல்வாரு தெரியுமா? ஜெயில்ல கீற ஆளே இதுல தெனம் சாப்புட்டுகினு கீறாரே, அப்ப மார்ச் பத்து மட்டும் எப்டி நெஜம்னு சிரிப்பாரு.”

உண்மையான ஒரு நாளை நீங்கள் நூற்றைம்பது பொய்க்கு நடுவில் புதைத்துவிட்டீர்கள். இனி அதைத் தோண்டி எடுக்க யாராலும் முடியாது.

இந்த அரசாங்கம் என் ஒருவன் மேல் இரண்டு செலவு செய்கிறது. இங்கே இருக்கும் பாக்கியநாதன் முட்டை தின்கிறான். அங்கே இருக்கும் பாக்கியநாதன் என்ன தின்கிறான்? அவன் பங்கு யார் வயிற்றுக்குள் போகிறது? உங்கள் வயிறா, சந்திரமோகன் வயிறா? அன்றைக்கு வாசலில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. பயமாவது ஒன்றாவது. எனக்காகப் பேசினால் ரிஜிஸ்டரைக் கேட்பார்கள், அதுதான்.

மேற்படி விஷயத்தில் தங்கள் பதிலை எதிர்பார்க்கவில்லை.

பாக்கியநாதன்
(இடது கட்டைவிரல். உண்மையானது.)

*

திருவள்ளூர்
25.08.2025

பாக்கியநாதன் அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். பதில் இல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. சிறையில் படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும், எனக்குப் பேஜாராகிவிட்டது.

இங்கே நாற்பது கட்டில். முப்பது பேருக்குக் குறைந்தால் இந்த ஊருக்குக் காப்பகம் தேவையில்லை என்று அரசாங்கத்தில் எழுதிப் பூட்டிவிடுவார்கள். தினம் வருவது இருபது, மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு. சந்திரமோகன் சார் முதல் வருஷமே சொல்லிவிட்டார்: “செம்பகம், முப்பதுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் எல்லாரும் ரோட்டுலதான். நீயும்தான். இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது.” ஒரு நாளாவது வந்து போனவர்களின் ஆதார் நகல் என்னிடம் இருக்கிறது. பெயரை நான் எழுதினேன். கைநாட்டுக்கு என் பத்து விரல் இருக்கிறது. விரலுக்கு ஒரு ஆள். ஒரே விரலை இரண்டு பேருக்கு வைத்ததில்லை, அந்த அளவுக்கு நியாயமாகச் செய்தேன். வலது சுண்டுவிரல் குப்புராஜ் என்று ஒருத்தர். வலது நடுவிரல் கெங்கம்மாள், அவர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. நீங்கள் இடது மோதிர விரல். ஏன் மோதிர விரல் என்று கேட்காதீர்கள், அப்போது காலியாக இருந்தது அதுதான்.

யார் வயிறு என்று கேட்டீர்கள். ஒரு ஆளுக்கு வரும் பணத்தில் ஒரு ஆளுக்குச் சோறு போட முடியாது, பாக்கியநாதன். வராத பத்துப் பேர் பங்கில்தான் வந்தவர்களுக்குப் பருப்பு கண்ணில் தெரிகிறது. யேசுதாஸ் தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை அதில்தான் வாங்குகிறேன். நீங்கள் அன்றைக்குத் தின்ற அவலும் செத்துப்போன கெங்கம்மாள் போட்டதுதான். மேலே சார் எவ்வளவு எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்காததற்கு எனக்கு வெட்கம் உண்டு.

என் வயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு என்று ஒன்று இருப்பதாக நினைத்தீர்களா? காப்பாளர் அறை என்று போர்டு மாட்டிய அந்த ஸ்டோர் ரூம்தான் என் வீடு. அரிசி மூட்டைக்கும் பினாயில் கேனுக்கும் நடுவில் எட்டு வருஷமாகப் படுக்கிறேன். ஆனாலும் ரிஜிஸ்டரில் ஒரு நாளும் என் பெயரை எழுதிக்கொண்டதில்லை. நான் வேலைக்காரி, தங்க வந்தவள் இல்லை என்று ஒரு வீம்பு.

இப்போது நீங்களும் உங்கள் வக்கீலும் என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறீர்கள். நான் வாயைத் திறந்தால் நீங்கள் வெளியே வருவீர்கள், நான் உள்ளே போவேன், இருபது பேர் ரோட்டுக்கு வருவார்கள். இதை யோசிக்காமலா எனக்கு இத்தனை கடிதம் எழுதினீர்கள்?

செண்பகம்

*

விசாரணைச் சிறை
05.09.2025

செண்பகம் அக்காவுக்கு,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை பாதி நம்பினேன். மூன்றாம் தடவை யேசுதாஸ் தாத்தா மாத்திரையைத் தண்ணியில்லாமல் விழுங்குவது ஞாபகம் வந்துவிட்டது, அதனால் சண்டை போட முடியவில்லை.

நீங்கள் உங்களை அறியாமல் எனக்கு ஒரு உதவி செய்திருக்கிறீர்கள். மார்ச் 10இல் இருப்பது என் இடது கட்டைவிரல். 13ஆம் தேதிக்குப் பிறகு இருப்பது உங்கள் மோதிர விரல். கைரேகை பார்ப்பவர்களுக்கு இரண்டும் வேறு என்று சொல்ல ஒரு நாள் போதும் என்கிறார் பிரின்சி மேடம். நீங்கள் உங்கள் கட்டைவிரலை வைத்திருந்தால் பார்க்கிறவர்களுக்காவது குழப்பம் வந்திருக்கும். ஆனால் அந்த மோதிர விரல் யாருடையது, எதற்கு வைத்தார்கள் என்று ஒருத்தர் கூண்டில் நின்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த ஒருத்தருக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

அதனால் வாருங்கள் என்று நான் எழுதவில்லை. உங்களை வரவழைக்க மேடம் மனு போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நவம்பர் 6, வியாழக்கிழமை, வழக்கு வருகிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்று. இது வழக்குக்கு இல்லை, எனக்குத் தெரிய வேண்டும். நான் முதல் நாள் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். உங்கள் காப்பகம் அங்கிருந்து நடக்கிற தூரம். பத்து ஆள் குறைகிறது என்று விரலைத் தேடினீர்களே, அந்தப் பத்து ஆளைப் போய்க் கூப்பிட்டிருக்கக்கூடாதா?

பாக்கியநாதன்
(இடது கட்டைவிரல்)

*

பெண்கள் சிறை
20.11.2025

பாக்கியநாதன் அவர்களுக்கு,

நானாகவே வந்து கூண்டில் நின்று பத்து விரலையும் நீட்டிக் காட்டிய கதையை உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. எதிரில்தான் நின்றீர்கள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தீர்கள். அது வெட்கமா, சந்தோஷத்தை மறைக்கவா என்று இங்கே படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். உங்களைச் சொந்த ஜாமீனில் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே ரிஜிஸ்டரைப் பறிமுதல் செய்து என் மேல் வழக்கு. சந்திரமோகன் சார், “எல்லாம் அந்தம்மா பண்ணது, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். அவருக்குச் சொந்தமாக இரண்டு வீடு. கையெழுத்துப் போட ஆள் வரிசையில் நிற்கும்.

எனக்கும் ஜாமீன் உண்டாம். வீட்டு வரி ரசீது உள்ள இரண்டு பேரைக் கொண்டுவர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் ஜூலையில் எழுதியதை நான் அப்போது முழுசாக நம்பவில்லை.

முட்டை விஷயம் உண்மை. ஒரு நாளைக்கு மூன்று தடவை எங்களை எண்ணுகிறார்கள். ஒரு தலை குறைந்தால் மறுபடி எண்ணுகிறார்கள், சோறு ஆறினாலும் விடுவதில்லை. முதல் நாள் வரிசையில் நிற்கும்போது எனக்கு உடம்பு கூசியது. தலையைப் பார்க்காமலே எட்டு வருஷம் எண்ணினவள் நான்.

ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டீர்கள். ரிஜிஸ்டரில் எழுதின ஆள் சாப்பிட மாட்டான். கூட்டிவந்த ஆள் சாப்பிடுவான். அதுதான் காரணம். வேறு காரணம் சொல்லிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.

நீங்கள் காப்பகத்துக்குத் திரும்பிப் போயிருப்பதாகவும், சாவியே உங்கள் இடுப்பில் இருப்பதாகவும் இங்கே புதிதாக வந்த ஒருத்தி சொன்னாள். என் இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனையும் நடந்ததா?

செண்பகம்

*

வீடற்றோர் காப்பகம், திருவள்ளூர்
12.01.2026

செண்பகம் அக்காவுக்கு,

சாவி என் இடுப்பில் இருப்பது உண்மை. சந்திரமோகன் வருவதில்லை, வேறு யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. உங்கள் ஸ்டோர் ரூமில் நான் படுக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சொந்த ஜாமீனில் விடும்போது முகவரி கேட்டார்கள். இந்தக் காப்பகத்தைத்தான் கொடுத்தேன். இது பூட்டினால் எனக்கு முகவரி இல்லை, மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். மேலிடத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. பிப்ரவரி 2, திங்கட்கிழமை, வந்து ஆளை எண்ணுவார்களாம். முப்பது இருந்தால் வேறு டிரஸ்டிடம் கொடுத்து நடத்துவார்கள். இல்லையென்றால் பூட்டு. காகிதம் வந்த அன்று பதினேழு பேர் இருந்தோம்.

ஆகவே ஸ்டேஷனுக்குப் போனேன். அக்கா, நீங்களும் நானும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. டிக்கெட் கவுண்டர் பக்கம் கன்னியம்மா என்று ஒரு அம்மா, மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பகத்துக்கு வாருங்கள், கட்டில் இருக்கிறது, சோறு இருக்கிறது என்றேன்.

“சும்மாவா?”

“சும்மாதாம்மா.”

“சும்மா எவன் நைனா சோறு போடுவான்? கிட்னி எடுக்க ஆள் புட்ச்சிகினு கீறியா?”

“என் கையப் பாரும்மா. நானே இப்டி கீறேன். நான் எவன் கிட்னிய எடுக்கறது?”

“அப்ப உன் கைய எவனோ எடுத்துகினான். நீ என்னுதக் கேக்குற.”

நான்கு நாள் போனேன். ஐந்தாம் நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவராகவே வந்து, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு பேர், கலெக்டர் ஆபீஸ் மரத்தடியிலிருந்து நான்கு பேர், மீஞ்சூர் பக்கம் வேலை போய் வந்தவர் ஒருத்தர். இப்படித்தான் சேர்ந்தது. ரசம் இன்னும் தண்ணியாகிவிட்டது. அதற்கும் போன திங்கட்கிழமை ஒரு மனு கொடுத்திருக்கிறேன். ‘சிறையில் இருந்தபோது எனக்கு அரசு செய்த செலவில் பாதியை, நான் குற்றம் ஏதும் செய்யாமல் இருக்கும் இந்த நாட்களுக்கும் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’ வாங்கியவர் படித்துவிட்டுச் சிரித்தார். ரசீது கொடுத்தார்.

10ஆம் தேதி பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது பெயர், முப்பது கைநாட்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கியநாதன்
(இடது கட்டைவிரல்)

*

பெண்கள் சிறை
22.01.2026

தம்பி பாக்கியநாதனுக்கு,

நகலை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. இருபத்தொன்பதும் வேறு வேறு விரல். கன்னியம்மா விரலில் ஒரு வெட்டு இருக்கிறது. யேசுதாஸ் தாத்தா வழக்கம்போல் கோணலாக வைத்திருக்கிறார். மூன்றாவது நீங்கள்.

முப்பதாவதும் உங்கள் இடது கட்டைவிரல். கடிதங்களின் அடியில் நாலு தடவை பார்த்த விரல் எனக்குத் தெரியாதா? அதற்கு நேரே எழுதியிருக்கும் பெயர் செண்பகம்.

அதைப் பார்த்து அழுதேன். பக்கத்தில் இருந்தவள் வீட்டில் சாவா என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் அந்த ரிஜிஸ்டரில் என் பெயரை நானும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதவில்லை. நான் வெளியே வந்தால் எனக்கும் ஒரு கட்டில் வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

அதை அடித்துவிடுங்கள். 10ஆம் தேதி நான் அங்கே இல்லை, இங்கே இருந்தேன். மூன்று தடவை எண்ணினார்கள், மூன்று தடவையும் இருந்தேன். நீங்கள் இரண்டு இடத்தில் சாப்பிட்டதற்கே நாம் பட்டது போதும்.

பிப்ரவரி 2க்குள் இன்னொரு ஆள் வேண்டும். ஸ்டேஷனில் இரண்டாவது பிளாட்பாரத்தின் கடைசியில், தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒருத்தர் இருப்பார். நீலச் சட்டை, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். குப்புராஜ் என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் காப்பகத்துக்கு வந்தார். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு இருபது கட்டில் காலி. அன்றிலிருந்து அவர் என் வலது சுண்டுவிரலில் தினமும் சாப்பிட்டிருக்கிறார்.

செண்பகம் அனுப்பினாள் என்று சொல்லாதீர்கள், வரமாட்டார். நாலு நாள் போங்கள், பத்து நாள் போங்கள். வந்தால் முதலில் சோறு போடுங்கள். ரிஜிஸ்டரை அப்புறம் நீட்டுங்கள்.

அக்கா,
செண்பகம்